சட்டைக் கை

"அழுத்தித் தேய்ம்மா."

சூப்பர்வைசர் சொன்னபடியே தேய்த்தாள்.

தகட்டின் இடது ஓரத்தில் உள்ளங்கையால் ஓர் இழுப்பு. வலது ஓரத்தில், முடியைக் கோதிய விரல்களால் இன்னோர் இழுப்பு. அதன்மேல் கறுப்பு பெயின்ட் அடிப்பார்கள். கையிலோ தலையிலோ, அழகு சாமான்களில் கலக்கிற சிலிகோன் துளி இருந்தாலும் அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாது. விலகிக்கொள்ளும். கடுகளவு குழிகள் விழும்.

காலையிலிருந்து ஏழு கார்களின் பானெட்டில் அந்தக் குழிகள்.

பெயின்ட் அடிக்கப் போகும் காரைத் துணியால் துடைத்து அனுப்புவது ஐந்து பெண்களின் வேலை. ஐந்து பேரும் இப்போது வரிசையில் நின்றார்கள். யார் தகட்டில் குழி விழுகிறதோ அவளுக்கு இன்றோடு வேலை இல்லை. சூப்பர்வைசர் தயாபரன் அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"சீரம், க்ரீம், லிப்ஸ்டிக்... எல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம். வேற எங்கிருந்து வரும்?"

லைன் நின்றதில் ஆண்களுக்குக் கொண்டாட்டம். இருபத்திரண்டு பேரும் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள்.

அவளுக்குப் பயமே இல்லை.

இந்த வேலைக்கு வந்த இரண்டு வருடமாக முகத்துக்கு வெறும் சோப்பு. தலைக்குச் சீயக்காய். நான்கு மாதம் முன்னால் கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ய வந்த பெண்ணை என்ன பாடு படுத்தினாள்! ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தாள். கோன் என்று முடிகிற பெயர் ஒன்று இருந்தாலும் தள்ளி வை என்றாள். மிச்சமிருந்தது கண்மை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டே மணமேடை ஏறினாள். மூன்றாம் நாள் வேலைக்குப் போகவேண்டுமே.

அழகாகத்தான் இருந்தாள். மாப்பிள்ளை இன்பராஜ் சொன்னான்.

ஐந்து தகடுகளும் காய்ந்தன.

ஐந்தும் பளபளவென்று கண்ணாடி.

பக்கத்தில் நின்ற ஜெபக்கனி இப்போதுதான் மூச்சுவிட்டாள். தயாபரனுக்கு முகம் விழுந்துவிட்டது. வரிசை கலைந்தது.

அவளும் போயிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு பேர் பார்த்துச் சிரித்தது உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

"சட்டையையும் பாத்துருங்க சார். அப்புறம் ஒரு பேச்சு வரக்கூடாது."

யாரும் கேட்கவில்லை. அவளாகவே புதுத் தகடு ஒன்றை எடுத்து, முழங்கைக்குக் கீழே சட்டைக் கையை அதில் நன்றாக அழுத்தித் தேய்த்து நீட்டினாள்.

பெயின்ட் விழுந்தது.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு ஒரு குழி. அதன் பக்கத்தில் இரண்டு. அப்புறம் எண்ணவே முடியவில்லை.

வேடிக்கை பார்த்தவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

அவள் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனாள். மெல்லிய பூ வாசனை. யூனிஃபார்மைக் கட்டி சோப்பால் மட்டும் துவைக்க வேண்டும் என்பது இங்கே முதல்நாளே சொல்லித்தருகிற பாடம். அவள் அப்படித்தான் துவைப்பாள். நேற்று வரைக்கும்.

நேற்று, ஞாயிறு காலை, அவள் அசந்து தூங்கியபோது இன்பராஜ் துவைத்துப் போட்டிருந்தான். காலர் உரசி உரசி அவள் கழுத்தில் சிவந்திருந்ததை அவன் பார்த்திருக்கிறான். கடையில் கேட்டு, துணியை மிருதுவாக்குகிற நீல பாட்டில் ஒன்றை வாங்கி வந்து, கடைசித் தண்ணீரில் இரண்டு மூடி ஊற்றியிருக்கிறான். இன்று காலை சட்டையைப் போட்டதும் பூப்போல இருந்தது. வேலைக்கு வரும் வழி பூராவும் அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. அதிலும் சிலிகோன் இருக்கலாம், பாட்டிலைத் திருப்பிப் படிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இப்போதும் அவன்மேல் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

தயாபரன் வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார். குரலில் நிம்மதி.

"எழுதிக் குடுத்துரும்மா. தலைக்குப் போட்டியோ, மூஞ்சிக்குப் போட்டியோ..."

"ரெண்டும் இல்ல சார். சட்டைதான். எங்க வீட்டுக்காரர் தொவச்சாரு."

பின்னாலிருந்து ஒருவன் 'க்ளுக்' என்றான். புருஷன் பொண்டாட்டி சட்டையைத் துவைத்தானாம்! சிரிப்பு ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்குத் தாவியது. முந்தானை இருந்திருந்தால், வாயை மூடு என்று ஜெபக்கனி அதைப் பிடித்து இழுத்திருப்பாள். சட்டை என்பதால் முதுகில் குத்தினாள்.

அவள் தலை குனியவில்லை. அவன் பேரையும் சேர்த்து எழுதலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பெருமையாகத்தான் இருந்தது.

சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு பேனா மூடியைத் திறந்தபடி கேட்டாள்.

"உங்க சட்டைய எதுல தொவக்கிறாங்க சார்?"

தயாபரன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.



காலையிலிருந்து ஒவ்வொரு பானெட்மேலும் கவிழ்ந்து கவிழ்ந்து பார்த்தவர் அவர். அவருக்குப் பின்னால் இருபத்திரண்டு சட்டைகள். கஞ்சி போட்டது, நீலம் போட்டது, மடிப்புக் கலையாதது, வாசனையடிப்பது. ஒருவன் தன் சட்டைக் கையை மெதுவாக முகர்ந்து பார்த்தான். அவனைப் பார்த்து இன்னொருவன்.

யாருக்கும் தெரியவில்லை.

காலையில் கொடியில் காயும். போட்டுக்கொண்டு வருவார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

தயாபரன் சற்றுத் தள்ளிப் போய், சுவரில் மாட்டியிருந்த டெலிபோனை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினார். குரலைத் தணித்துக்கொண்டார். ஆனாலும் லைன் நின்ற கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"ஏய்... என் சட்டைய நீ எதுல தொவக்கிற?"

மறுபக்கம் பதில் நீளமாக வந்தது.

கேட்டுக்கொண்டே, தன் சட்டைக் கையைத் தேய்க்க ஒரு புதுத் தகட்டுக்காக அவளை நோக்கிக் கையை நீட்டினார்.