நாலாவது மாஸ்க்

மாஸ்க் முகத்திலேயே இருந்தது. சேக் தாவூது கண் விழித்ததும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்த்தார். காற்று மெல்லச் சீறிக்கொண்டிருந்தது.

"ஜெய்புன்னு, இன்னியோட பன்னண்டு ராத்திரி! கழட்டவே இல்ல, பாத்தியா?"

மனைவி ஜெய்புன்னிசா கொட்டாவியை அடக்கிக்கொண்டு டீயை நீட்டினாள். "பாத்தனுங்க" என்றாள்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி அவருக்கு. ராத்திரி முழுக்க மிஷின் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால்தான் தூக்கம் தூக்கமாக இருக்கும். ஆனால் மாஸ்க் அமைய வேண்டுமே! முதல் மாஸ்க் மூக்குத்தண்டைப் புண்ணாக்கியது. இரண்டாவது, ஓரத்தில் காற்றைக் கசியவிட்டுக் கண்ணை எரிய வைத்தது. மூன்றாவதைச் சுவரில் வீசியெறிந்து, "செத்தாலும் சரி, இனி இந்தக் கருமத்தத் தொட மாட்டேன்" என்று ஐம்பது வயசு மனுஷன் அழுதேவிட்டார்.

நாலாவதைக் கிளினிக் பெண் அனுப்ரியா தேடிக் கொடுத்தாள். பனியன் துணி மாதிரி மெத்தென்று மூக்குக்கு அடியில் மட்டும் உட்கார்ந்தது. ராத்திரி காதுக்கு மேலே மாட்டிய பட்டை காலையில் காதுக்குக் கீழே இருக்கும், அவ்வளவுதான். புரண்டு படுத்திருப்போம் என்று அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

தன் ஊரான குண்டடத்திலிருந்து இருபத்தாறு பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி வேனை ஓட்டிப் போனார். ஜெய்புன்னிசாவும் அதே பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். எப்போதும் அவர் சீட்டுக்குப் பின்னால்தான் உட்காருவாள்.

கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

"வேன் சாவியக் குடுத்துருங்கண்ணா" என்றாள் எச்.ஆர். ஜனனி. "உங்களுக்குத் தூக்க வியாதி இருக்குன்னு தகவல் வந்துச்சுங்க. இனி ஸ்டோர்ல இருங்க. சம்பளம் குறையாது."

தாவூது சாவியை மேசையில் வைத்தார். "யாருங்க சொன்னது?"

"அதக் கேக்காதீங்கண்ணா."

கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வீட்டுக்கு வெளியே அவர் ஒரே ஓர் ஆளிடம்தான் அதைச் சொல்லியிருந்தார். கம்பெனியின் இன்னொரு டிரைவர் மகுடேஸ்வரன். பத்து வருஷச் சிநேகம். நோம்புக் கஞ்சியும் கறிக்குழம்பும் ஒரே தூக்குப்போசியில் பங்கிட்டுத் தின்றவன். இப்போது வேன் சாவியும் அவன் கைக்குத்தான் போயிருந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில், நாலு பேர் பார்க்க, அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "உண்ட ஊட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடா!"

"பாய், எம்புள்ள மேல சத்தியமா நான் சொல்லலீங்க."

"புள்ள மேல வேற சத்தியம் பண்றியா? தூ! இனி என் மூஞ்சியில முழிக்காதே."

மகுடேஸ்வரனுக்குக் கண் கலங்கியது. அதுவும் நடிப்பாகத்தான் தாவூதுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அந்த வேனில் ஏற அவருக்கு மனசு வரவில்லை. பஸ்ஸைப் பிடித்து, நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்த ஜெய்புன்னிசா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சாப்புட வாங்க."

"சோறு எறங்குமா எனக்கு? கூடவே இருந்து குழி பறிச்சிட்டானே!" என்று மிஷின் பக்கம் போனார். "வுட மாட்டேன். தெனமும் எத்தன மணி நேரம் மாஸ்க் போட்டேன்னு இந்த மிஷின் கார்டுல பதிவாயிருக்கும். நாளைக்கு அனுப்ரியாகிட்ட ரிப்போர்ட் வாங்கி அந்த ஜனனி மேசையில வீசறேன். அப்பறம் சாவி தானா எங்கிட்ட வரும்."

ஜெய்புன்னிசாவின் முகம் வெளுத்தது. "அதக் கொண்டு போவாதீங்க."

"ஏன்?"

"மகுடு அண்ணன் மேல தப்பில்லீங்க. ஆபீசுல சொன்னது நான்."

தாவூது அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளை யாரோ போலப் பார்த்தார்.

"வெள்ளிக்கெழம வேன் ரோட்ட வுட்டு எறங்குச்சே... ஆடு குறுக்க வந்துச்சுன்னீங்க. எந்த ஆடும் வரலீங்க. கண்ணாடியில பாத்தேன், உங்க கண்ணு மூடியிருந்துச்சு. இருபத்தாறு பொம்பளைங்க, அத்தன பேருக்கும் புள்ள குட்டி இருக்குதுங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன். ஆடுன்னுதான் சத்தம் போட்டீங்க."

"பழைய அசதி, ஒரு நிமிசம் கண்ணசந்துட்டேன்!" அவர் குரல் உடைந்தது. "அதுக்காகக் கட்டுன பொண்டாட்டியே பொழப்புல மண்ணள்ளிப் போடுவியா? மாஸ்க் அமையாம நான் பட்ட பாடெல்லாம் கூட இருந்து பாத்தவதானே நீ? இப்ப எல்லாம் சரியாப் போச்சே, பன்னண்டு நாளும் விடியறப்ப மூஞ்சியிலயே இருந்துச்சே... அதாச்சும் உன் கண்ணுக்குத் தெரியலியா?"

ஜெய்புன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெனமும் ராத்திரி கண்ணசந்த கால் மணி நேரத்துல கழட்டி வீசிடறீங்க. நீங்க மனசொடஞ்சு போயிரக் கூடாதுன்னு, விடியக்காலையில மாட்டி வுடறது நானுங்க."