அழுத தண்ணி

"கையை எடுடி! தண்ணி குடுத்தா இன்னும்தான் போகும்."

பெரியக்கா தையல்காரியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். டம்ளர் குருவியின் உதட்டைத் தொடாமலே திரும்பிப் போனது.

தையல்காரியின் பிள்ளை குருவிக்கு மூன்று வயசு முடியப்போகிறது. பார்த்தால் ஒன்றரைகூடச் சொல்ல மாட்டீர்கள். மாதம் தவறாமல் வயிற்றுப்போக்கு. தின்றது உடம்பில் ஒட்டுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

"சோறு உள்ளே போகுதுக்கா. அப்புறம் எங்கே போகுதுன்னுதான் தெரியலை."

"கூட உட்கார்ந்து வேற யாரோ தின்னுறாங்க." பெரியக்கா கண்ணாலேயே கடைசி வீட்டைக் காட்டினாள். "போன வருஷம் சொந்தப் பிள்ளையைத் தின்னா. இப்போ உன் பிள்ளை மேல கண்ணு."

அந்த வரிசை வீடுகளுக்குக் கோர்ட், போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் பெரியக்காதான். குழாயடியில் யார் குடம் முதலில் என்பதுகூட அவள் வைத்த சட்டம். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. தையல்காரி வேலைக்குப் போனால் குருவியைச் சும்மாவே பார்த்துக்கொள்கிறவள். அப்படிப்பட்டவளை எதிர்த்துப் பேச நாக்கு எழுமா?

கடைசி வீட்டுக்காரி சலவைக்கூடத்தில் துணி அலசுகிறவள். அவள் பையனைப் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். போன வருஷம் இதே வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அதன் பிறகு அவள் எதிரே வந்தால், எல்லோரும் தங்கள் பிள்ளையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். பட்டாணி என்ற பேரைக்கூட யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்த தையல்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

குருவியின் வாயைச் சுற்றி எறும்பு. வரிசையாக, ஜன்னலிலிருந்து இறங்கி, பாயில் ஏறி, நேராக உதட்டுக்கு.

"ஐயோ!" மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. கண் திறந்தது. நேற்றைவிடத் தெளிவாகவே பார்த்தது.

"யார்டா கண்ணு வந்தா?"

"கை."

"எந்தக் கை?"

குருவி ஜன்னலைக் காட்டியது. "வெள்ளைக் கை. சுருக்கம் சுருக்கமா இருந்துச்சு. அழுத தண்ணி குடுத்துச்சு."

"அழுத தண்ணியா?"

"அழுதா வாயில வருமே, அது. 'வாயைத் திற பட்டாணி, வாயைத் திற'ன்னு சொல்லிச்சு."

குருவிக்கு அந்தப் பேர் எப்படித் தெரியும்?

"நான் வாசல்லயேதானே உட்கார்ந்திருந்தேன்! ஈ காக்கா உள்ளே வரலையே!" பெரியக்காவுக்கே குரல் நடுங்கியது. "செத்தது துணைக்குக் கூப்பிடுதுடி."

மறுநாள் தையல்காரி அரை நாள் லீவு போட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உச்சி வெயில். தெருவில் ஆள் அரவமே இல்லை. தூரத்துக் குழாய் சொட்டுவது காதுக்குள் கேட்டது.

குருவி திடீரென்று ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கே ஒன்றுமே இல்லை. ஆனாலும் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

கம்பிக்கு நடுவில் கை வந்தது.

வெளுத்து, ஊறி, விரல் நுனியெல்லாம் சுருங்கி... கிணற்றில் விழுந்தவளை வெளியே எடுத்த மாதிரி ஒரு கை. அதில் ஒரு ஸ்பூன்.

தையல்காரி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். ஜில்லென்று இருந்தது.

"பெரியக்கா! பிடிச்சிட்டேன்!"

பெரியக்கா ஓடி வந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடைசி வீட்டுக்காரியின் முகம். இன்னொரு கையில் மூடி போட்ட டம்ளர்.

"அடிப்பாவி! உன் பிள்ளையைத் தின்னது பத்தாதா?"

அவள் கையை இழுக்கவில்லை. ஸ்பூனிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவிடவில்லை.

"கொதிக்க வெச்சு ஆறின தண்ணிதான். உப்பும் சர்க்கரையும் போட்டிருக்கு. சந்தேகமா இருந்தா நீ முதல்ல குடி."

தையல்காரி டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். அழுத தண்ணிதான். கொஞ்சம் இனிப்போடு.

"எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்? வாசல் வழியா வரவேண்டியதுதானே?"

"வந்தா விடுவீங்களா? சாப்பாட்டு நேரத்துலதான் சலவைக்கூடத்துல வெளியே விடுவாங்க. ஜன்னல்தான் திறந்திருந்துச்சு." அவள் கண் குருவி மேலேயே இருந்தது. "பட்டாணியைத் தூக்கிட்டு ஓடினப்போ டாக்டரம்மா திட்டினாங்க. 'போகுதுன்னா அவ்வளவு தண்ணி உடம்பை விட்டு வெளியே போகுதுன்னு அர்த்தம். இப்படிக் காய வெச்சுக் கொண்டு வந்திருக்கியே'ன்னாங்க. இந்தத் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருந்திருக்கணுமாம். கையை விடும்மா. பிள்ளை வாயைத் திறந்துட்டு இருக்கு."

தையல்காரியின் பிடி தளர்ந்தது. ஸ்பூன் குருவியின் வாய்க்குப் போனது. மடக்கென்று ஒரு சத்தம்.

"பட்டாணியும் தண்ணி கேட்டிருப்பானே," என்றாள் தையல்காரி. "அவனுக்கு ஏன் குடுக்கலை?"

கடைசி வீட்டுக்காரி அடுத்த ஸ்பூனை எடுத்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்:

"குடுக்கத்தான் போனேன். இப்போ நீ பிடிச்சியே, இதே மணிக்கட்டுதான். பெரியக்கா பிடிச்சாங்க. நான் நிறுத்திட்டேன்."