பாதிச் சூடு

பசி குடலைப் பிடுங்குகிறது. கலைவாணன் கரண்ட் அடுப்பின் முன் குந்தியிருக்கிறான். எவ்வளவு நேரமாகியும் உலை கொதிக்கவில்லை. மனைவி பொன்னி தென்னேரிக்கு, அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து பேச்சில்லாத வீட்டில் பக்கத்துப் பட்டுத்தறியின் சத்தம் மட்டும் சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறது. “இன்னாப்பா, அரிசி இன்னும் குளிச்சிக்கினே இருக்குதா?” என்று அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பெரியநாயகி சிரிக்கிறாள். அவனுக்குச் சுருக்கென்கிறது. பிள்ளையார்பாளையத்துத் தறி மோட்டாருக்கெல்லாம் மீட்டர் பிடித்துப் பழுது பார்க்கும் எலக்ட்ரீஷியன், முதல் தடவையாகத் தன் அடுப்புக்குப் பிடிக்கிறான். இருநூற்று முப்பது வோல்ட் ஒழுங்காக வருகிறது. கரண்ட் இரண்டே ஆம்பியர். வகுத்தால் தடை நூற்றுப் பதினைந்து ஓம், பெருக்கினால் நானூற்று அறுபது வாட். அடுப்பின் அடியிலோ ஆயிரம் வாட் என்று போட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் இரண்டு காயிலில் ஒன்று எப்போதோ செத்துவிட்டது. “அடுப்பு சூடே ஏற மாட்டேங்குதுய்யா, இன்னான்னு பாரு” என்று பொன்னி மாசக்கணக்கில் சொன்னாள். “போனு நோண்டிக்கினே இருந்தா சோறு எப்படி வேவும்?” என்று நாலு பேர் எதிரில் அவன் கேட்ட அன்றுதான் அவள் பையைத் தூக்கினாள். மீட்டரில் எண் அசையாமல் நிற்கிறது. பானையின் ஓரத்தில் ஒரே ஒரு குமிழி எழுந்து உடைகிறது. பொன்னியிடம் அவன் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது.