தட்டிப் பார்த்து எடுத்த கல்சட்டி

நல்லெண்ணெய்க்கு எந்தச் செக்கு, காப்பிப்பொடிக்கு எந்தக் கடை என்று ஊருக்கே பாடம் நடத்தும் தாமோதரன் வீட்டு அலமாரிக்கு ஒரு கல்சட்டி வந்து சேர்ந்தது. வந்த நாளிலிருந்து அதற்குத் தலைகால் புரியவில்லை.

"பதினோரு சட்டியைத் தட்டிப் பார்த்துட்டு என்னைத்தான் எடுத்தார், தெரியுமா?" என்றது பக்கத்துத் தோசைக்கல்லிடம்.

"சரிடி மகாராணி, சுடுகஞ்சி ஊத்தி உன்னைப் பழக்கினாரா?"

"போட்டோ எடுத்தார்."

"பழக்காம அடுப்புல ஏத்தினா பிளந்துடுவே. உனக்கு முன்னாடி இருந்தவளையும் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தார்."

அன்றிலிருந்து கல்சட்டி, அவர் சோறு வடிக்கும்போதெல்லாம் இன்றைக்காவது தனக்கு ஊற்றுவாரா என்று பார்த்தது. அவர் கஞ்சியை அப்படியே சிங்க்கில் கொட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். தாமோதரன் கல்சட்டியை இறக்கினார். கஞ்சி ஊற்றத்தான் என்று அது நம்பியது. அவரோ புளியைக் கரைத்து ஊற்றி, நேரே பெரிய தீயில் ஏற்றினார். வத்தக்குழம்பு கொதிக்கும் முன்பே அது இரண்டாகப் பிளந்தது.

"அந்தக் கடைக்காரன் முன்ன மாதிரி இல்லை," என்றார், அடுப்பைத் துடைத்தபடி. "இதைவிட நல்ல கடை ஒண்ணு எனக்குத் தெரியும்."

விருந்தாளிகள் அட்ரஸ் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.