சிரிக்கக் கூடாத இடம்

“யாரைக் கேட்டு அந்தச் சிரிப்பை வெட்டினீங்க?”

கதவைத் தட்டாமல் உள்ளே வந்த பாடகி, தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் ‘காது’ என்றே கூப்பிடும் ஒலிப்பதிவாளர், பாராட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். முகம் சுருங்கிப்போனது.

“முதல்ல உட்காரும்மா. பாட்டெல்லாம் எப்படி வந்திருக்கு, அதைச் சொல்லு.”

“தேன் மாதிரி வந்திருக்கு. எங்க அத்தனை பேர் குரலையும் துடைச்சுப் பளபளன்னு வெச்சிருக்கீங்க. உங்க கைக்குத் தங்கக் காப்பே போடலாம், அண்ணே. அந்தச் சிரிப்பு எங்கே?”

நாடகத்தின் பெயர் ‘பெட்டிக்காரி’. ஊரில் ஒருத்தரும் சாகமாட்டேன் என்கிறார்கள்; சவப்பெட்டிக் கடை ஈயோட்டுகிறது. கடைக்காரி வீடு வீடாகப் போய், படுத்திருப்பவர்களிடம் “எப்போ உத்தேசம்?” என்று பாட்டாலேயே விசாரிக்கிறாள். முதல் மேடையேற்றத்தை அரங்கத்திலேயே பதிவு செய்தவர் காதுதான். அந்தக் குழு பிறகு ஆளுக்கொரு திசையாகச் சிதறிவிட்டது. இப்போது அந்தப் பதிவை இசைத்தட்டாக வெளியிடப் போகிறார்கள். சாயங்காலம் இயக்குநர் வந்து கேட்டுத் தலையாட்டினால் அச்சுக்குப் போய்விடும்.

கடைக்காரியாகப் பாடியவள் இவள்தான்.

“அது சிரிப்பாம்மா? தொல்லை! தூங்குற கிழவருக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டே நீ பெட்டிக்கு அளவெடுக்குற. அடி சுருதிக்கு இறங்கி, அப்படியே நிறுத்துற. அரங்கமே மூச்சு விடல. எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் புல்லரிக்குது. அங்கே போய் எவனோ ஒருத்தன் ‘ஹே’ன்னு சிரிக்கிறான், எழவு வீட்டுல விசில் அடிச்ச மாதிரி!”

“அவன் இவன்னு பேசாதீங்க.”

“சரி, எவரோ ஒருத்தர்! நான் கேட்காத சிரிப்பா? ஜோக்குக்குச் சிரிக்கிறது, போதையில சிரிக்கிறது, பக்கத்து சீட்டுக்காரிக்காகச் சிரிக்கிறது எல்லாம் எனக்கு அத்துப்படி. இது எதுலயும் சேரல. அந்த இடத்துல வசனமும் இல்ல, பாட்டும் இல்ல. சிரிக்க என்ன இருக்கு? உன் பாட்டைக் கெடுக்கணும்னே வந்த ஆளு.”

“கெட்டா கெட்டுப் போகட்டும். திரும்ப ஒட்டுங்க.”

“உன் பேரு நிக்கப் போறதே இந்த ஒரு பாட்டுலதான். அதுல இதை விட்டு வெச்சா, காது செவிடாயிட்டான்னு என்னைக் காறித் துப்புவாங்க.”

“துப்பினா என் மேல துப்பச் சொல்லுங்க. நான்தான் பிடிவாதம் பிடிச்சேன்னு சொல்லுங்க. துடைக்காத பதிவை ஒரு தடவை போடுங்க, அண்ணே. ஒரே தடவை.”

முனகிக்கொண்டே போட்டார்.

அவள் குரல் இறங்கி இறங்கி, நின்றது. ஒரு பெரிய அமைதி. அதற்குள்ளிருந்து கனமான ஒரு சிரிப்பு வெடித்துக் கிளம்பி, யாரோ வாயைப் பொத்திக்கொண்டதைப்போல் பாதியில் அமுங்கியது.

தன் பாட்டைக் கேட்கும் எந்தப் பாடகியும் அப்படிக் கேட்டு அவர் பார்த்ததில்லை. பாட்டு முடியும் வரை கல்லாக இருந்தவள், அந்தச் சிரிப்பு வந்ததும் மலர்ந்துபோனாள். ஒலிபெருக்கியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். அப்படியே திரும்பி அவருக்கும் ஒன்று.

“எனக்கு எதுக்கும்மா?”

“பின் வரிசைக்குப் பக்கத்துல ஒரு மைக் தொங்கவிட்டீங்களே, அதுக்கு. மேடையில நின்ன எனக்கே அன்னிக்கு இது கேட்கல; நீங்க முதல்ல அனுப்பின துடைக்காத பதிவுலதான் கேட்டேன்.”

காதுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. கண்ணைச் சிமிட்டினார். “யாரு? உன் ஆளா?”

“என் ஆளுதான். பேச்சுவார்த்தை கிடையாது.”

“பார்த்தியா? சண்டைக்காரன்! நான் சொன்னது சரியாப் போச்சா?” அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். “சரி, ஒரு பேச்சு. அந்த இடத்துல மனுஷன் சிரிக்கிறதுக்கு நியாயமா ஒரு காரணம் சொல்லு. இப்பவே ஒட்டிடறேன். இயக்குநர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

அவள் பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“நீங்க கேட்டீங்க, பார்க்கல. பாட்டை நிறுத்தினதும் பென்சிலைக் காதுமடல்ல செருகி, அளவு நாடாவோட நுனியைப் பல்லால கடிச்சு, தலையைச் சாய்ச்சு, ஒரு கண்ணை மூடிக் கிழவரை மேலேருந்து கீழ வரைக்கும் பார்த்தேன்.”

“இதுல என்ன சிரிப்பு?”

“உங்களுக்கு ஒண்ணுமில்ல. அரங்கத்துல இருந்த யாருக்கும் ஒண்ணுமில்ல. இயக்குநர் சொல்லிக் கொடுத்ததும் இல்ல. நானா ஒருத்தர்கிட்டேருந்து திருடி வெச்சுக்கிட்டது. அதைப் பார்த்துச் சிரிக்க இந்த உலகத்துலயே ஒரே ஒரு ஆளாலதான் முடியும்.”

காது ஒலிபெருக்கியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

“‘குடும்பத்துலயே முதல் டிகிரி வாங்கினவ, கூத்தாடவா போற? பார்க்க என் பொணம்கூட வராது’ன்னு கதவைச் சாத்தினவர், அண்ணே. அந்த அரங்கத்துப் பக்கமே போகலன்னு இன்னிக்கும் அம்மாகிட்ட சாதிக்கிறார்.” அவள் விரல் பென்சிலைப்போல் காதுமடலுக்குப் போனது. “எங்கப்பா தச்சர். அளவெடுக்கும்போது அவர் அப்படித்தான் நிப்பார்.”