பெரிதாக்கும் பொத்தான்

“எல்லாக் கணினிக்கும் இதே எழுத்துருதான். ஒருத்தர்கூட இதைப் பெரிசாக்கலை. அப்போ நல்லாத் தெரியுதுன்னுதானே அர்த்தம்? அடுத்த மாசம் இன்னும் சின்னதாக்குறோம்” என்றார் எழுத்துரு அதிகாரி நிர்மல்.

திருநெல்வேலி ஆம்புலன்ஸ் அழைப்பறையில் இருந்த எல்லோருக்கும் உண்மைக் காரணம் தெரியும். எழுத்தைப் பெரிதாக்கினால் கணினி ‘பார்வைக் குறைவு’ என்று பதியும். மறுநாளே வேலை போய்விடும்.

ஐம்பத்திரண்டு வயது செல்லக்கனி எழுந்தாள்.

“தெரியலை சார். திரையில இருக்குற விலாசத்தை வாசிக்க முடியாம, மூச்சுத் திணறுற பிள்ளையை மடியில வச்சிருக்கிறவகிட்ட இன்னைக்கு மூணு தடவை கேட்டேன். ‘உனக்குக் காது கேக்காதா’ன்னு கத்துனா. கண்ணு தெரியலைன்னு எப்படிச் சொல்லுவேன்?”

“புகார் கொடுத்திருக்கலாமேம்மா.”

“கொடுத்தவ வீட்டுல உக்காந்திருக்கா. போய்க் கேளுங்க.”

அவள் பெரிதாக்கும் பொத்தானை அழுத்தினாள். உடனே திரையில் பொடி எழுத்தில் ஒரு வரி வந்தது.

“என்ன கேக்குது இது?”

“பார்வைக் குறைவுன்னு பதியலாமான்னு...” நிர்மல் இழுத்தார்.

“பதியட்டும். முதல்ல அந்த வரியைப் பெரிசாக்குங்க. என் சோத்துல மண்ணு விழுறதையாவது நானே வாசிச்சுக்கிறேன்.”