மூணாவது சென்சார்

"ஏலே சொரிமுத்து! வெளிய வாலே!"

தாராவி தொண்ணூறடி ரோட்டில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். செம்பூர் மளிகை மொத்த வியாபாரி முத்துசெல்வம், மெக்கானிக் சொரிமுத்துவின் பட்டறை வாசலை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு இறங்கினார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி விஜயராணி இறங்கினாள்.

"மறுபடியும் ஏ.சி. நின்னுபோச்சு. போன மாசம் பிரஷர் சென்சார் போச்சுன்ன, மாத்துன. போன வாரம் அதே சென்சார் போச்சுன்ன, மறுபடி மாத்துன. இன்னிக்கு என்ன கதை சொல்லப் போற?"

சொரிமுத்துவுக்குச் சுள்ளென்று ஏறியது. "சத்தம் போடாதீங்க அண்ணாச்சி. வண்டியப் பாக்காம என்ன சொல்ல?"

"பாத்துப் பாத்துத்தானலே கிழிச்ச! நம்ம ஊர்ச் சங்கத்து ஆளாச்சேன்னு உங்கிட்ட வந்தேன் பாரு, என்னையச் சொல்லணும். இன்னிக்குச் சரியாகலன்னு வையி, சொரிமுத்து ஃபிராடுன்னு சங்கத்து வாட்ஸ்அப் குரூப்புல போட்டுருவேன். அப்புறம் ஒரு டெம்போகூட உன் வாசல்ல நிக்காது."

போடுவார். சங்கத்துக்கு அவர்தான் பொருளாளர். பட்டறைக்கு வரும் வண்டிகளில் முக்கால்வாசி அந்த குரூப்பில் இருப்பவர்களுடையது. இந்த மனுஷன் ஒரு வரி தட்டிவிட்டால் சொரிமுத்து ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

"எனக்காவாலே கேக்கேன்? உன் மதினிக்கு வெக்கை ஆகாது." அவர் குரல் சட்டென்று குழைந்தது. "ராணிம்மா, வெயில்ல நிக்காத. நிழலுக்கு வா."

"விடுங்க, போவோம்" என்றாள் அவள். "இவருக்கு வேல தெரியல. ஏ.சி. இல்லாட்டி என்ன? காத்து வரத்தான செய்யுது."

"பாத்தியாலே? எனக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு பாக்கா" என்று சிரித்துவிட்டு எதிர் டீக்கடைக்குப் போனார். அங்கே நின்ற நாலு பேரிடம் அவர் எதைப் பற்றிப் பேசப்போகிறார் என்று சொரிமுத்துவுக்குத் தெரியும்.

அவர் திட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தம்மா அமைதியாகச் சொன்னதுதான் அமிலமாக எரிந்தது. வேல தெரியலயாமே! பானெட்டைப் படீரென்று தூக்கினான்.

கேஸ் மீட்டரை மாட்டினான். முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. குழாயில் கேஸ் இருக்கிறது. ஸ்கேனரைச் செருகினான். அதில் அழுத்தம் பூஜ்யம். கேஸே இல்லை என்று சென்சார் பொய் சொல்கிறது, அதை நம்பி வண்டியின் கம்ப்யூட்டர் கம்ப்ரெஸரை ஓட விடாமல் தடுக்கிறது. போன தடவையும் இதேதான்.

போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டானோ என்று, குர்லாவில் உதிரி பாகம் விற்கும் ஷாகிருக்கு போன் போட்டான். "க்யா ஷாகிர் பாய், டூப்ளிகேட் மால் தியா க்யா?"

"மா கசம், ஒரிஜினல் ஹை! பஹ்லே அப்னா காம் தேக்!"

அம்மா சத்தியமாக ஒரிஜினலாம். முதலில் உன் வேலையைப் பார் என்கிறான் அவனும். ஆளாளுக்கு இளக்காரம்! பல்லைக் கடித்துக்கொண்டு டார்ச்சுடன் குனிந்தான். போன தடவை ஸ்கேனரைப் பார்த்த கையோடு சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதை மாட்டியிருந்தான். இந்தத் தடவை எதையும் கழற்றாமல் உற்றுப் பார்த்தான்.

சென்சார் தலையில் வயர் பிளக் உட்கார்ந்திருந்தது. விரல் பட்டதும் ஆடியது. யாரோ லாக்கை அழுத்திப் பாதி வரை இழுத்து அப்படியே விட்டிருக்கிறார்கள். வண்டி குலுங்குவதில் கழலுகிற சாமான் அல்ல அது. உள்ளே தள்ளினான். 'க்ளிக்'. ஸ்கேனரில் பூஜ்யம் போய்ச் சரியான எண் வந்து நின்றது.

சென்சார் நல்ல சென்சார். போன வாரம் தூக்கி எறிந்ததும் நல்ல சென்சார்தான்!

ரத்தம் தலைக்கு ஏறியது. எவனோ வேண்டுமென்றே என் பிழைப்பில் கை வைத்திருக்கிறான். பிளக்கை இருந்தபடியே மறுபடி பாதிக்கு இழுத்து வைத்தான். ஊரைக் கூட்டிக் காட்டாமல் விடுவதில்லை.

"அண்ணாச்சி! இங்க வாங்க! எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க!"

பானெட்டுக்குப் பக்கத்தில் நிழல் விழுந்தது. விஜயராணி.

"கத்தாதீங்கண்ணே. கழட்டுனது நாந்தான்."

"நீங்களா?" சொரிமுத்து கையிலிருந்த பிளையரோடு அவள் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணுனேன் மதினி? எம் பொழப்புல மண்ணள்ளிப் போடுதீங்களே!"

"போன மாசம் நெசமாவே ரிப்பேராச்சுல்ல, அப்ப ரெண்டு வாரம் ஏ.சி. ஓடல. அந்த ரெண்டு வாரந்தான் நிம்மதியா இருந்தேன். நீங்க மாத்தும்போது பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டேன்."

"வெக்கையில என்ன நிம்மதி?"

டீக்கடையிலிருந்து முத்துசெல்வம் வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே அந்த நாலு பேர்.

அவள் குரல் தாழ்ந்தது. "வீட்டுல மாமியா, புள்ளைக. அந்தப் பக்கம் இருமுனா இந்தப் பக்கம் கேக்குற செவுரு. அவருக்கு எம் மேல கை நீட்ட வண்டிய விட்டா வேற எடமில்ல. ஏ.சி. ஓடுனா கண்ணாடிய ஏத்திருவாருண்ணே. ஏத்திட்டா நான் கத்துறது ஒருத்தருக்கும் கேக்காது."

"என்னலே, கண்டுபிடிச்சிட்டியா?" முத்துசெல்வம் மனைவியின் தோளில் பிரியமாகக் கை வைத்தார். "நீ உள்ள உக்காரும்மா."

சொரிமுத்து பானெட்டுக்குள் கையை விட்டு, பிளக்கை பிளையரால் நொறுங்க நசுக்கிவிட்டு நிமிர்ந்தான்.

"இல்ல அண்ணாச்சி, நீங்க சொன்னதுதான் நெசம்" என்றான், தெரு முழுக்கக் கேட்கும்படி. "எனக்கு வேல தெரியாது. குரூப்புல போட்டுருங்க."